ஜூலையில் விழுந்த ஓட்டையும் வேலிக்கு மேல் நீண்ட கையும்

2006 ஜூலை 31, விடிவதற்கு முன்பே மயாமியில் ஒரு டாக்சி விபத்து. உள்ளே இருந்த, நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) டுவானர் சான்செஸுக்குத் தோளில் பலத்த அடி. அந்த சீசன் மட்டுமல்ல, அடுத்த சீசனும் அவரால் வீச முடியவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் என்றால் சான்செஸ், ஒன்பதாவது என்றால் பில்லி வாக்னர் என்று மெட்ஸ் ரசிகர்கள் நிம்மதியாக இருந்த காலம் அது. சான்செஸின் ஈ.ஆர்.ஏ. 2.60. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ரன்கூடக் கொடுக்காத கை.

அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு அன்றைக்கே மாலை 4 மணி. கிடைத்த சில மணி நேரத்தில் மெட்ஸ் தன் ரைட் ஃபீல்டர் சேவியர் நேடியை பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிட்சர்களை வாங்கியது. ஒருவர் 41 வயது ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ். பேரமே அவருக்காகத்தான். இன்னொருவர் ஒலிவர் பெரஸ், கொசுறு. அந்த ஆண்டு பைரேட்ஸுக்காக 2 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.63. பேரம் முடிந்த நேரத்தில் அவர் மைனர் லீக்கில் இருந்தார்.

எண்பது நாள் கழித்து, அக்டோபர் 19 இரவு, நேஷனல் லீக் சாம்பியன் யார் என்பதைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் மெட்ஸின் முதல் பந்தை வீசியவர் அந்தக் கொசுறு. ஆறாவது இன்னிங்ஸில் அவர் பந்தை எதிரணியின் ஸ்காட் ரோலன் வேலிக்கு வெளியே அடித்தார். வேலிக்கு மேல் கையை நீட்டி அதைப் பறித்தவர் எண்டி சாவேஸ், அணியின் நான்காவது அவுட்ஃபீல்டர், அதாவது களத்தின் ஆழத்தில் நிற்கும் மூவருக்கு மாற்று ஆள். பேஸ்பால் ரசிகர்கள் ஜூலையில் பிட்சிங்கைத் திட்டுவார்கள், அக்டோபரில் கேட்சைக் கொண்டாடுவார்கள், இரண்டையும் வேறு வேறு கதையாகவே வைத்திருப்பார்கள். 2006 மெட்ஸை நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை என்று தெரியும். பிட்சர் ஏன் சரிகிறார், அதில் அவர் பங்கு எவ்வளவு, பின்னால் நிற்கும் மூன்று பேரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஜூலை மாத ஆட்டங்கள் எரிச்சல் தருவதற்குப் பதில் பாடமாகிவிடும்.

முதலில் சுமையின் கணக்கு. ஒரு சீசனில் 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஆக 1,458 இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் சராசரியாக 6 இன்னிங்ஸ் வீசினால் மீதி 486 இன்னிங்ஸை, இடையில் இறங்கும் மாற்றுப் பிட்சர்களான புல்பென் தாங்க வேண்டும். அவர்கள் 5 இன்னிங்ஸிலேயே இறங்கிவிட்டால் அது 648 ஆகிவிடும். ஆட்டத்துக்கு ஒரே ஒரு இன்னிங்ஸ்தான் வித்தியாசம். சீசன் முழுக்க 162 இன்னிங்ஸ் கூடுதல். எட்டுப் பேர் பங்குபோட்டால் ஆளுக்கு 20. புல்பென்னில் நன்றாக உழைக்கும் ஒருவர் ஆண்டு முழுக்க வீசுவதே 60, 70 இன்னிங்ஸ்தான். அதன் மேல் 20 ஏற்றினால் கை என்ன ஆகும்? ஏப்ரலில் ஒன்றும் தெரியாது. ஜூன் கடைசியில் எட்டாவது இன்னிங்ஸ் பந்துகள் கேட்சர் கேட்ட இடத்துக்கு வராமல் ஒரு சாண் மேலே நிற்க ஆரம்பிக்கும். ரசிகர்கள் புல்பென்னைத் திட்டுவார்கள். நோய் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரிடம் இருக்கும். அதனால் புல்பென் சொதப்புகிற வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, முந்தைய பத்து ஆட்டங்களில் தொடக்க பிட்சர் எத்தனையாவது இன்னிங்ஸில் இறங்கினார் என்பதை.

2006 மெட்ஸ் அந்த சீசனில் 13 பேரை வைத்து ஆட்டங்களைத் தொடங்கியது. ஐந்து பேர் போதும் என்ற இடத்தில் பதின்மூன்று. பிரையன் பானிஸ்டருக்கு ஏப்ரலில் ரன் ஓடும்போது தொடைத் தசை போனது. விக்டர் ஜாம்பிரானோவுக்கு மே மாதம் முழங்கை போனது. ஹோசே லீமா நான்கு ஆட்டங்களைத் தொடங்கி நான்கிலும் தோற்றார். ஆர்லாண்டோ ஹெர்னாண்டஸை மே மாதம் அரிசோனாவிடமிருந்து கொண்டுவந்தார்கள். பெத்ரோ மார்ட்டினஸின் உடம்பு இடுப்பு, கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் அணி 97 ஆட்டங்களை வென்றது. பேட்டர்களில் பெல்ட்ரான் 41 ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போன அடி), டெல்காடோ 38. ரெயஸும் ரைட்டும் கூடவே. பேட்டர்கள் பலமாக அடித்துக்கொண்டிருக்கும்வரை ஓட்டை வெளியே தெரியாது. தண்ணீர் நிறைந்த குளத்தில் மடை உடைந்திருப்பது தெரியாதது போலத்தான்.

குளம் வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மெட்ஸ் போதும். ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி. அதே நாளில் தொடக்க பிட்சர் கொடாய் செங்கா, பேட்டர் ஓடி வந்து தொட வேண்டிய முதல் பேஸை மூடப் போனவர், உயரமாக வந்த எறிதலை எட்டிப் பிடிக்க எம்பியதில் தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டார். அப்போது அவர் ஈ.ஆர்.ஏ. 1.47. திரும்பி வந்தபோது பழைய செங்காவாக வரவில்லை. செப்டம்பரில் அவரே மைனர் லீக்குக்குப் போக வேண்டியிருந்தது. அணி 83-79 என்று முடித்து, கடைசி நாள் தோல்வியோடு பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. ஒரு பிட்சர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு, ஏழு இன்னிங்ஸை ஒருவர் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலரை இன்னிங்ஸ் ஆட்கள் வந்து நின்றால் மேலே சொன்ன கணக்கு வட்டியோடு வந்து நிற்கும்.

அடுத்து, குறிப்பிட்ட ஒரு பிட்சர் சரிகிறார் என்றால் எங்கே பார்ப்பது? ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்கும் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். பிட்சர் அசைய ஆரம்பிக்கும்போது கையுறை எங்கே காட்டப்பட்டது, பந்து எங்கே வந்து விழுந்தது என்ற இரண்டு புள்ளி போதும். வலது கைப் பிட்சரின் பந்து திரும்பத் திரும்ப மேலேயும், அவர் வீசும் கையின் பக்கமாகவும் விலகினால், முன் தோள் சீக்கிரம் திறந்துகொள்கிறது, உடம்பு முன்னே போய்விட்டது, கை பின்தங்கி வருகிறது என்று அர்த்தம். களைத்த பிட்சரிடம் அதிகம் தெரிவது இதுதான். பந்து கீழே, எதிர்ப்பக்கமாக மண்ணில் குத்தினால் விரலைவிட்டுத் தாமதமாக விடுகிறார். இரண்டு தவறும் மாறி மாறி வந்தால் விடும் இடமே நிலைக்கவில்லை. பெரஸிடம் இருந்தது இந்த மூன்றாவது வகை. 2004-இல் அதே இடது கை 2.98 ஈ.ஆர்.ஏ.வோடு 239 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கியது. கையில் சரக்கு இல்லாதவர் அல்ல. ஒரே அசைவை அடுத்த பந்திலும் செய்ய முடியாமல் தவித்தவர். இதைப் பிரித்தறிவது முக்கியம். சரக்கு தீர்ந்தவரைப் பயிற்சியாளர் மீட்பது அரிது. அசைவு கலைந்தவரை மீட்கலாம்.

வேகத்தையும் மாதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் உடம்பு இளகி, பந்தின் வேகம் ஏப்ரலைவிட சற்றுக் கூடுவதுதான் இயல்பு. ஏப்ரலில் 95 மைல் வீசியவர் ஜூலையிலும் 95 வீசினாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும். 93.5-க்கு இறங்கினால் உடம்பில் எங்கேயோ கோளாறு. அடுத்த இரண்டு வாரத்தில் ‘முன்கை இறுக்கம்’ என்று அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இன்றைய விதிப்படி காயப் பட்டியலில் ஏறும் பிட்சர் குறைந்தது 15 நாள் வெளியே இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை வீசும் ஒருவர் அதில் இரண்டு, மூன்று முறை தன் முறையைத் தவறவிடுவார்.

மூன்றாவது, முதல் பந்து. பத்து பேட்டரில் ஆறு பேருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக்காக (பேட்டர் அடிக்கத் தவறிய, அல்லது அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் விட்டுவிட்ட பந்தாக) விழுந்தால் நல்ல நாள். ஐந்துக்குக் கீழே போனால் பேட்டர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டு நிற்பார். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பேட்டர்கள் காற்றில் சுற்றுகிறார்களா, கோட்டுக்கு வெளியே ஃபவுல் அடித்து ஆட்டத்தை நீட்டுகிறார்களா என்பதையும் எண்ணுங்கள். ஃபவுல் பெருகினால் ஆளை முடித்துவைக்கும் பந்து அவரிடம் அன்று இல்லை. ஒரே இன்னிங்ஸில் 25, 30 பந்து போய்விடும். பேஸில் ஆள் நிற்கும்போது மட்டும் அடி வாங்குகிறார் என்றால் சந்தேகம் வேறு. முழுச் சுழற்சி இல்லாமல் வீசும் அந்த நிலையில் அவர் தாளம் கெடுகிறது, அல்லது வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப் பந்தைப் பிடிக்கும்போது கையுறை சற்று விரிவது போன்ற ஏதோ ஒரு அடையாளத்தை எதிரணி கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவதைக் கண்டுகொள்ள எளிய வழி, மோசமான பந்துக்கெல்லாம் பேட்டர்கள் அசையாமல் நிற்கிறார்களா என்று பார்ப்பது. பக்கவாட்டில் விலகும் நல்ல ஸ்லைடருக்கு ஒருவர்கூட ஏமாறவில்லை என்றால் ஸ்லைடரில் குற்றமில்லை.

இதோடு சீதோஷ்ணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பந்து அதில் தூரம் போகும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் ஆழமாக அடிக்கப்பட்ட பந்து சுமார் மூன்று, நான்கு அடி கூடுதலாகப் பறக்கும். ஏப்ரலில் 50 டிகிரிக் குளிரில் வேலிக்கு முன்னால் கேட்ச் ஆன பந்து, ஜூலையில் 90 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினாறு அடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் விழுகிறது. பிட்சர் ஒன்றும் மாறவில்லை, பந்தும் அதே பந்துதான். இங்கேதான் அவுட்ஃபீல்டர்கள் கணக்குக்குள் வருகிறார்கள்.

ஈ.ஆர்.ஏ. பழைய கணக்கு, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அதில் பிட்சரின் கையும் அவர் பின்னால் ஓடுகிறவர்களின் காலும் கலந்துகிடக்கின்றன. களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளில் நூற்றுக்கு சுமார் 30, பேட்டர் அவுட் ஆகாமல் பேஸ் சேரும் ஹிட் ஆவது லீக் வழக்கம். ஒரு பிட்சருக்கு அது ஜூலை பாதியில் 36 என்று நின்றால், ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) பழைய அளவிலேயே இருந்தால், அவசரப்பட்டு அவரை ஒதுக்கக் கூடாது. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஏறத்தாழ 70 பேட்டர்களிலேயே ஓரளவு உண்மையைக் காட்டும். வாக் விகிதத்துக்கு 170 பேட்டர் வேண்டும். களத்தில் விழும் ஹிட்டின் விகிதம் நிலைபெற சுமார் 2,000 பந்துகள் களத்துக்குள் அடிக்கப்பட வேண்டும், அதாவது மூன்று நான்கு சீசன். அரை சீசனை வைத்து அதைப் பேசுவதில் பொருளில்லை.

அதனால்தான் எஃப்.ஐ.பி. என்ற கணக்கு வந்தது. ஹோம் ரனை 13-ஆல் பெருக்கு; வாக்கையும் உடம்பில் பட்ட பந்தையும் கூட்டி 3-ஆல் பெருக்கு; இரண்டையும் சேர்த்து, ஸ்ட்ரைக்அவுட்டின் இரு மடங்கைக் கழி; இன்னிங்ஸால் வகு; அந்தந்த ஆண்டுக்குரிய மாறிலி, ஏறத்தாழ 3.1, அதைக் கூட்டு. கேட்ச், ஓட்டம், எறிதல் எதுவும் உள்ளே வராது. பிட்சரும் பேட்டரும் மட்டுமே. ஈ.ஆர்.ஏ. 5.20, எஃப்.ஐ.பி. 3.80 என்றால் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். இரண்டுமே ஐந்துக்கு மேல் என்றால் மேட்டில் நின்று வீசும் பிட்சரையே பாருங்கள். ஒரே ஒரு வகைக் கேட்ச் மட்டும் இந்தக் கணக்கையும் ஏமாற்றிவிடும். அது எது என்பது சாவேஸிடம் வரும்போது தெரியும்.

அவுட்ஃபீல்டரைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் பந்தின் பின்னாலேயே போகும். பேஸ்பாலில் பந்து எழுந்த உடனே கண்ணை அவுட்ஃபீல்டர்மேல் திருப்ப வேண்டும். டிவியில் இது முடியாது. படம் பந்தையே துரத்தும். மைதானத்தில் முடியும். மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், 500 எண் கொண்ட மேல்தளத்தில் உட்கார்ந்தால் மூன்று அவுட்ஃபீல்டர்களும் ஒரே பார்வைக்குள் இருப்பார்கள். (ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 7 எண் ரயில் தெரிந்திருக்கும். கடைசி நிறுத்தத்துக்கு முந்தையது மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயின்ட், வாசலிலேயே மைதானம்.)

பந்து மட்டையில் பட்ட முதல் ஒன்றரை விநாடியில் கேட்சின் பாதி தீர்ந்துவிடும். இப்போது மைதானக் கேமராக்கள் இதை அளக்கின்றன. முதல் ஒன்றரை விநாடியில், எந்தத் திசையிலானாலும், எத்தனை அடி போனார் என்பது எதிர்வினை. அடுத்த ஒன்றரை விநாடி பாய்ச்சல். மூன்று விநாடியிலும் வளைந்து ஓடினாரா, நேரே ஓடினாரா என்பது வழி. மேஜர் லீக் வீரரின் முழு ஓட்டம் சராசரியாக விநாடிக்கு 27 அடி. 30 அடியைத் தொடுபவர்கள் மிகச் சிலர். வேகமாக ஓடத் தெரிந்த ஒருவர் தவறான முதல் அடி வைத்தால், 27 அடி ஓடுகிறவர் சரியான அடி வைத்துப் பிடிக்கும் பந்தைத் தவறவிடுவார். எட்ட வேண்டிய தூரம், கிடைத்த நேரம், ஓட வேண்டிய திசை ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு பந்துக்கும் பிடிக்கும் வாய்ப்பு சதவீதமாக வருகிறது. நூற்றுக்கு 25-க்குக் கீழே என்றால் ஐந்து நட்சத்திரக் கேட்ச். விழுந்து புரண்டு பிடித்ததெல்லாம் ஐந்து நட்சத்திரம் அல்ல. பல புரளல்கள் முதல் அடி தவறியதற்குக் கட்டிய அபராதம்.

தலைக்கு மேல் போகும் பந்துக்கு முதல் அடி பின்னால் வைப்பது. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் காலைப் பின்னுக்கு இழுத்து, இடுப்பைத் திறந்து, மறுகாலைக் குறுக்கே போட்டு ஓடுவது. முகத்தைப் பந்துக்குக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தால் மூன்றே அடியில் தடுமாறி விழ வேண்டியதுதான். ஓடும்போது கையுறையை முன்கூட்டி நீட்டக் கூடாது. நீட்டிய கையோடு யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. வேலிக்கு முன்னால் புல் முடிந்து மண் தொடங்கும் வார்னிங் ட்ராக் சுமார் 15 அடி. காலடியில் மண் நெறிபட்டதும் மூன்று, நான்கு எட்டுதான் மிச்சம். அங்கே கையுறை இல்லாத கை வேலியைத் தேட வேண்டும். வேலி எங்கே என்று கை சொன்ன பிறகுதான் கண் முழுதாகப் பந்துக்குப் போகும், உடம்பு பயமில்லாமல் எழும்பும். அவுட்ஃபீல்டரின் கையுறை மற்றவர்களுடையதைவிட நீளம், 12¾ அங்குலம் வழக்கம், விதி அனுமதிப்பது 13. அந்தக் கூடுதல் ஓரிரு அங்குலம் எதற்கு என்பது வேலியில்தான் விளங்கும்.

இந்த வித்தை பிறவியிலேயே வருவதில்லை என்பதற்கு மெட்ஸ் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1969 உலகத் தொடர், எதிரில் பால்ட்டிமோர் ஓரியோல்ஸ். மூன்றாவது ஆட்டத்தில் சென்டர் ஃபீல்டர் டாமி ஏகி இரண்டு கேட்ச் எடுத்தார். எல்ரோட் ஹென்ட்ரிக்ஸ் அடித்ததை வேலியோரம், கையுறையின் நுனியில். பால் ப்ளேர் அடித்ததை, மூன்று பேஸிலும் ஆள் நிற்க, விழுந்து. இரண்டும் சேர்ந்து காப்பாற்றியது ஐந்து ரன். ஆட்டம் முடிந்தது 5-0. ஏகி அதற்கென்றே பிறந்தவர். ஆனால் நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ப்ரூக்ஸ் ராபின்சன் அடித்ததை ரைட் ஃபீல்டில் முழு நீளத்துக்குப் பாய்ந்து பிடித்த ரான் ஸ்வோபோடா, தடுப்பில் திறமைசாலி என்று யாரும் சொல்லாதவர். பயிற்சியாளர் எட்டி யோஸ்ட் நாள்தோறும் அடித்துக் கொடுத்த பந்துகளை ஓடி ஓடிப் பிடித்துத் தேறியவர். அந்தக் கேட்சில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்றாம் பேஸில் நின்ற ஃபிராங்க் ராபின்சன் கேட்சுக்குப் பிறகு ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார், ஆட்டம் 1-1 சமன். டாம் சீவரின் கணக்கில் ரன் ஏறியது ஏறியதுதான். கேட்ச் தடுத்தது முதல் பேஸில் நின்ற பூக் பவலை, அதாவது தோற்கவைக்கும் ரன்னை.  ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸுக்குக் கொண்டுபோய் 2-1 என்று ஜெயிக்கவைத்தது.

மைதானத்தின் வடிவத்தையும் மறக்கக் கூடாது. 1954 உலகத் தொடரில் வில்லி மேய்ஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த விக் வெர்ட்ஸின் பந்து நானூறு அடிக்கு மேல் போனது. போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தின் நடுவேலி 483 அடி தூரம் என்பதால்தான் அதைப் பிடிக்க இடம் இருந்தது. அதே ஆட்டத்தை பத்தாவது இன்னிங்ஸில் முடித்துவைத்த டஸ்டி ரோட்ஸின் ஹோம் ரன் ரைட் ஃபீல்ட் கோட்டோரமாக, 258 அடி வேலியைத் தாண்டிப் போனது. வெர்ட்ஸுக்கு வீசிய டான் லிடில் அந்த ஒரு பேட்டருக்கு மட்டுமே வீசிவிட்டு இறங்கினார்.

மறுபடி 2006. சான்செஸ் போன இடத்தை நிரப்ப நேடியைக் கொடுத்தாயிற்று, ஆக ரைட் ஃபீல்டில் ஓட்டை. ஆகஸ்டில் அரிசோனாவிடமிருந்து ஷான் க்ரீன் வந்தார். வேகம் குறைந்துபோயிருந்த வயது. எட்டாவது இன்னிங்ஸ் ஏரன் ஹைல்மனிடம் போனது, கூடவே கில்லெர்மோ மோட்டா. நேஷனல் லீக் சாம்பியன் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுடன் இரண்டாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், மெட்ஸ் 6-4 முன்னிலை, இரண்டு அவுட். மோட்டா வீச, ஸ்காட் ஸ்பீசியோ ரைட் ஃபீல்ட் வேலிக்கு அடித்தார். க்ரீன் எழும்பினார், பந்து கையுறையில் பட்டு எகிறியது. இரண்டு ரன், சமன். கார்டினல்ஸ் 9-6 என்று வென்றது. ஜூலை 31 காலையில் விழுந்த ஓட்டை, மாலையில் இன்னொரு ஓட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே பந்தில் திறந்துகொண்டன.

பெரஸை பேரம் முடிந்ததும் நார்ஃபோக்குக்கு, மைனர் லீக்குக்கே அனுப்பினார்கள். ஆகஸ்ட் கடைசியில்தான் மேலே வந்தார். சீசன் முடிவில் மொத்தக் கணக்கு 3-13, ஈ.ஆர்.ஏ. 6.55. பிளேஆஃப் தொடங்கும்போது மார்ட்டினஸ் இல்லை. முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஆர்லாண்டோ ஹெர்னாண்டஸின் கெண்டைக்கால் தசையும் கிழிந்தது. ஏழாவது ஆட்டத்துக்கு, மூன்றே நாள் ஓய்வில், பெரஸைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லெஃப்ட் ஃபீல்டில் க்ளிஃப் ஃப்லாய்டின் கால் ஒத்துழைக்காததால் சாவேஸ் நின்றார்.

ஆறாவது இன்னிங்ஸ், 1-1, ஒரு அவுட், முதல் பேஸில் ஜிம் எட்மன்ட்ஸ். ரோலன் அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்ட் வேலியை நோக்கி எழுந்தது. மெட்ஸின் அன்றைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் வேலி எட்டு அடி. சாவேஸ் இடது கையால் எறிபவர், கையுறை வலது கையில். ஓடி வந்த வேகத்திலேயே எழும்பி, வலது கையை வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கைவரை போட்டார். பந்து கையுறையின் உள்ளே போகவில்லை. நுனி வலையில் சிக்கி, பாதி வெளியே தெரிந்தது. அமெரிக்க ரசிகர்கள் அதை ஸ்னோ கோன் என்பார்கள், கூம்பில் வைத்த ஐஸ் போல. இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேலை தெரிந்தவரின் வேலை. காலை ஊன்றியதும் பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து நேரே இரண்டாம் பேஸ்மன் ஹோசே வாலன்டீனுக்கு எறிந்தார். வாலன்டீன் முதல் பேஸில் டெல்காடோவுக்கு. பந்து கேட்ச் ஆனால் ஓடியவர் பழைய பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஹோம் ரன் என்று நம்பி இரண்டாம் பேஸைத் தாண்டிப் போயிருந்த எட்மன்ட்ஸ் இரண்டாவதைத் திரும்பத் தொட்டு முதலுக்கு ஓடிவருவதற்குள் அவுட். ஸ்கோர் புத்தகத்தில், பந்து கைமாறிய மூவரின் இட எண்களாக, 7-4-3. எட்மன்ட்ஸ் சாதாரண ஆள் அல்ல. 1997-இல் கான்சஸ் சிட்டியில் ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டிப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தவர். எதைப் பிடிக்க முடியும், எதைப் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? அவரே இது பிடிபடாது என்று முடிவுசெய்த பந்து அது.

பெரஸ் அன்று 6 இன்னிங்ஸ், 1 ரன். அன்றைய ஈ.ஆர்.ஏ. 1.50. சாவேஸின் கை இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் 6 இன்னிங்ஸுக்கு 3 ரன், 4.50. எஃப்.ஐ.பி.யைப் பாருங்கள்: வேலிக்கு மேல் பறிக்கப்பட்ட பந்து அதில் ஹோம் ரன் அல்ல, வெறும் அவுட். 13-ஐ 6-ஆல் வகுத்தால் 2.17, அத்தனை புள்ளி அந்த ஒரு கையால் மறைந்துவிட்டது. தடுப்பை விலக்கிப் பார்க்கவென்றே செய்த கணக்குக்குள்ளும் நுழைந்துவிடும் கேட்ச் இது ஒன்றுதான். பிட்சரின் ஹோம் ரன் எண்ணிக்கையை எடைபோடும்போது, அவர் பின்னால் வேலியேறும் அவுட்ஃபீல்டர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அதே ஆறாவது இன்னிங்ஸின் மறுபாதியில் மெட்ஸ் ஒரே அவுட்டோடு மூன்று பேஸையும் நிரப்பியது. வாலன்டீன் ஸ்ட்ரைக்அவுட். சாவேஸ் அடித்த பந்து சென்டர் ஃபீல்டில் எட்மன்ட்ஸ் கையில். ரன் இல்லை. ஒன்பதாவதில் ஹைல்மன் இரண்டாவது இன்னிங்ஸாக வீச வந்தார். சான்செஸ் இருந்திருந்தால் அந்த இன்னிங்ஸ்கள் வேறு மாதிரி பிரிக்கப்பட்டிருக்கும். ரோலன் சிங்கிள். அடுத்து யாடியர் மொலினா, அந்த சீசனில் .216 சராசரி, 6 ஹோம் ரன். கீழே விழ வேண்டிய சேஞ்சப் மேலேயே நின்றது. பந்து அதே லெஃப்ட் ஃபீல்ட் வேலிக்குப் போனது. சாவேஸ் வேலிவரை ஓடி நின்று அண்ணாந்து பார்த்தார். இந்த முறை பந்து யார் கைக்கும் எட்டாத உயரத்தில் போனது. 3-1.

கடைசிப் பாதியில் மெட்ஸ் மறுபடி மூன்று பேஸை நிரப்பியது. கார்டினல்ஸின் வழக்கமான ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆளான ஜேசன் இஸ்ரிங்ஹாசன் இடுப்புக் கோளாறால் செப்டம்பரிலேயே விலகியிருந்தார். அந்த இடத்தில் நின்றவர் புதுமுகம் ஆடம் வெய்ன்ரைட். எதிரில் பெல்ட்ரான், இரண்டு ஸ்ட்ரைக். வெய்ன்ரைட்டின் கர்வ் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது, மட்டை அசையவில்லை. சுற்றாமல் ஸ்ட்ரைக்அவுட் ஆனவருக்கு ஸ்கோர் புத்தகத்தில் ஆங்கில ‘கே’ எழுத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம். அன்றைய புத்தகத்தில் மெட்ஸ் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பது அந்தத் திருப்பிப் போட்ட ‘கே’.